பார்ப்பதற்குக் கேட்ட மீன்

என் வீட்டுக்காரருக்கு மூணாறு மலையில் ட்ரவுட் மீன் வளர்க்கும் தொட்டிகளில் வேலை. நானும் மகளும் மலைக்குக் கீழே கோம்பையில் இருந்தோம். ஓடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பி விட்டிருப்பார்களாம். ஒரு இலை விழுந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். கை விறைத்துப் போகும் குளிர். அந்தக் குளிர் குறைந்தால் மீன் தாங்காது. லீவில் வரும்போது இதையெல்லாம் மகளிடம்தான் சொல்வார்.

மீனுக்கு ஈரலை அரைத்துப் போடுவதை என் ஓரகத்தி பிடித்துக்கொண்டாள். "மீனுக்கு ஈரல ஊட்டுறாக ஒங்கப்பா, ஒனக்குக் கஞ்சிதான்டி" என்று சீண்டுவாள். மகள் சிரிப்பாள்.

ஏழு வயதில் அவளுக்கு வந்த காய்ச்சல் விடவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு மீன் கொண்டாங்க. திங்க இல்ல, பாக்க."

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று போனார்.

அப்புறம் நடந்தது அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேஸ்திரி ஒரு குஞ்சைக் கொடுத்தாராம். பால் கேனில் விட்டு, ஈரச் சாக்கைச் சுற்றிப் பஸ் ஏறியிருக்கிறார். போடிமெட்டு தாண்டி இறங்க இறங்கத் தண்ணீர் சூடாகி மீன் மல்லாந்துவிட்டது. நோயில் கிடக்கும் பிள்ளை முன்னால் செத்ததைக் கொண்டுபோய் வைக்க மனம் ஒப்பவில்லை. பாதி வழியில் இறங்கி, மேலே போன லாரியில் மலைக்கே திரும்பிவிட்டார்.

அன்று முழுக்க மகள் வாசலையே பார்த்துக் கிடந்தாள். பஸ் சத்தம் கேட்டால் "வந்துட்டாகளா" என்பாள். விடியும்போது அவளிடம் பேச்சில்லை, மூச்சும் இல்லை.

அவர் மதியம் வந்தார். இன்னொரு மீனை வாங்கி, பஸ் டிரைவரிடம் கெஞ்சி, அருவி கண்ட இடத்திலெல்லாம் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்ற ஆட்களைத் தாண்டி உள்ளே நுழைந்தார். பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, அவள் தலைமாட்டில் கேனை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மீன் சுற்றிச் சுற்றி வந்தது. உடம்பில் குங்குமம் தெறித்த மாதிரிப் புள்ளிகள்.

"பாருத்தா. உசுரோட இருக்கு."

ஓரகத்திதான் முதலில் ஓவென்று அழுதாள்.

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தால் அதுவும் மல்லாந்து கிடந்தது. அவரே கொல்லையில் குழி தோண்டிக்கொண்டே முதல் மீன் செத்த கதையைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். முதல்நாளே அந்தச் செத்த மீனோடு வந்திருந்தால் உங்களையாவது பார்த்திருப்பாளே என்று வாய்வரை வந்தது. அவர் மீனைக் குழியில் வைத்து மண்ணைக் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்தார். அவர் இருந்தவரைக்கும் அதை நான் சொல்லவில்லை.