பூ கேட்டாச்சு

மலாக்காவில் நாங்கள் இருந்த இடத்துக்குக் காஜா பெராங் என்று பெயர், மலாயில் கோபம் பிடித்த யானை. எந்த யானை, யார் மேல் கோபம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை யானை இரண்டு. ஒன்று நான். இன்னொன்று என் வீட்டுக்காரரின் அக்கா.

நேரில் அண்ணி என்று கூப்பிட்டு, வாங்க போங்க போட்டுத்தான் பேசுவேன். மனசுக்குள் 'அவள்'தான். இங்கேயும் அவள் என்றே எழுதப்போகிறேன். இப்போது போய் மரியாதை கொடுத்தால், என்னடி புதுசா என்று எழுந்து வந்தாலும் வந்துவிடுவாள்.

நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தவள். சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தாள். தம்பியை வளர்த்து, ஆளாக்கி, முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலையில் சேர்த்துவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. ஆகவே தம்பி பெண்டாட்டியின் சமையலைக் குறை சொல்வதை முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டாள். நான் எதை வைத்தாலும் ஒரு வாய் எடுப்பாள், கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவாள், "உப்பு பத்தல" என்பாள். ஒரு தீபாவளிக்குப் பாயசத்தையும் அப்படியே சொன்னாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். அந்த மனுஷனுக்கு அக்கா முன்னால் வாயே திறக்காது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெருவில் கட்டிய கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவள் சோற்றைத் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். என்னைக் கேவலப்படுத்த இது ஒரு புது வழி என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் கஞ்சிகூட நிற்கவில்லை, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. மேட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் டிரைஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் டிரைஷாக்காரன் மேடுபள்ளம் பார்த்து ஓட்டவில்லை என்று அவனையும், குடையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என்னையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

வயிற்றைத் திறந்தார்கள். பார்த்தார்கள். மூடிவிட்டார்கள். புற்று இரைப்பையைத் தாண்டி ஈரல்வரை போய்விட்டது, வெட்டி எடுக்க வழியில்லை என்று சொன்னார் துரை டாக்டர். வெள்ளைக்காரனை அனுப்பிவிட்டோம் என்று ஊரே ஆடிப்பாடி முடித்திருந்தது, எங்கள் வயிற்றைத் திறந்து மூட மட்டும் அவன்தான் இருந்தான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது, அவளே தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் எடுக்கலதானே? எடுத்திருந்தா லேசா இருக்கும்" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும் அவள் சாகக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து துரை டாக்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கூடவே ஒரு டிரெஸர், மருந்து கட்டுகிற உதவியாளர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்பத்தைச் சேர்ந்தவர். அந்தச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும். கோயில், பூசை, படையல் எல்லாம் நம்மைவிடச் சுத்தமாகச் செய்வார்கள், ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. ஆக, டாக்டர் இங்கிலீஷில் சொல்வார், டிரெஸர் அதை மலாய் ஆக்குவார், நான் அதைத் தமிழ் ஆக்கி அவளிடம் சொல்லவேண்டும். அவளுக்கும் சந்தை மலாய் நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சங்கதி இதுதான். சீமையிலிருந்து புதிதாக ஒரு ஊசிமருந்து வந்திருக்கிறது. வயிற்றுப் புற்றைச் சுருக்குமா சுருக்காதா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரீட்சை. டிரெஸர் அதை 'ச்சூபா' என்றார். மலாயில் முயன்று பார்ப்பது. சந்தையில் பழக்காரன் பலாச்சுளையைக் கிள்ளிக் கையில் கொடுத்து, ச்சூபா, வாயில் போட்டுப் பாருங்கள் என்பானே, அதே வார்த்தை. அவள் உடனே, "அப்போ நான் பழமா, வாயா?" என்று என்னைக் கேட்டாள். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது?

டாக்டர் மேலும் சொன்னார். சேருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஊசி. அவர்கள் வார்டிலேயே பல வாரம் தங்கவேண்டும். மீதிப்பேருக்கு ஊசி கிடையாது. வழக்கமான வலி மருந்தோடு வீட்டுக்குப் போகலாம், வாரம் ஒருமுறை வந்து எடை பார்த்து, ரத்தம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஊசியின் யோக்கியதை தெரியும். யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கக்கூடாதாம். ஒட்டிய உறைக்குள் இருக்கும், மிஸ்ஸி, அதாவது நர்ஸ், பிரிப்பார், அதில் உள்ளதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர், யாருக்கு மருந்து கொடுப்பது என்பதை ஒரு காகிதத்தைக் கேட்டா செய்வார்? இதற்கு நானே டாக்டராக இருந்துவிடலாமே. டிரெஸருக்கு என் முகம் புரிந்துவிட்டது. விளக்கிச் சொல்ல அவருக்கும் வார்த்தை அகப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், அப்புறம் அவளைப் பார்த்து, "மாச்சாம் ஆம்பில் பூ" என்றார். பூ எடுக்கிற மாதிரி என்று அர்த்தம். அதில் பூ மட்டும் தமிழ்.

அவ்வளவுதான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றாள்.

எங்கள் மாரியம்மன் கோயிலில் அது வழக்கம். பெண்ணைக் கொடுக்கலாமா, வீட்டை வாங்கலாமா என்று குழப்பம் வந்தால், வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். எந்தப் பூவுக்கு எந்தப் பதில் என்பது கேட்கிறவர் மனசுக்குள் மட்டும் இருக்கவேண்டும், வாய்விட்டுச் சொல்லக்கூடாது. விவரமறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வந்தது வந்ததுதான். பிடிக்கவில்லை என்று இன்னொருமுறை கேட்பது அம்மனையே சந்தேகப்படுவது.

டிரெஸர் செய்தது மொழிபெயர்ப்பா, குளறுபடியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் அவள் கைநாட்டு வைத்தாள். மிஸ்ஸி உறையைக் கொண்டுவந்தபோது, பிரிக்க விடாமல் கையை நீட்டித் தடுத்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உதடு அசையாமல் எதையோ கேட்டாள். பிறகு மிஸ்ஸியிடம் கொடுத்தாள். துரை டாக்டர் என்ன நடக்கிறது என்று டிரெஸரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

உறையில் ஊசி இல்லை. வீடு.

நான் நின்ற இடத்திலேயே கத்தினேன். மலாயும் தமிழும் கலந்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்கிறார்களே, இவர்களுக்கு அக்கா தங்கை இல்லையா என்று கேட்டேன். துரை டாக்டர் பொறுமையாக, அது மருந்தா விஷமா என்றே எங்களுக்குத் தெரியாதம்மா என்று சொன்னாராம். அதுவும் இரண்டு பாஷை தாண்டித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அவளோ துணிமணியைச் சுருட்டிக்கொண்டு, "கத்தினது போதும், டிரைஷாவக் கூப்பிடு" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதன் பிறகு வாராவாரம் மேட்டுக்குப் போனோம். ஊசி கிடைக்காதவர்களில் பலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மருந்தே தராதவனிடம் எதற்கு ரத்தம் கொடுப்பது என்று அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இவள் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை கட்டி, விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கிளம்பிவிடுவாள். அங்கே ஒரே கேள்விகள்தான். சாப்பிட்டாயா, வாந்தி உண்டா, வலி எங்கே, நாக்கில் ருசி தெரிகிறதா. கடைசிக் கேள்வி வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். "நாக்கு நல்லாத்தான் இருக்கு, சமைக்கிறவதான் சரியில்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு, மலாயில் சொல்லு என்று என்னைப் பார்ப்பாள். என் மானத்தை நானே மொழிபெயர்த்தேன். டாக்டர் காரமும் உப்பும் குறைக்கச் சொல்லியிருந்தார், அதனால் அந்த மாதங்களில் அவள் சொன்னது நிஜமாகவே உண்மை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறந்தார். சிங்கப்பூரில் தனியார் டாக்டர் ஒருவரிடம் அதே ஊசி கிடைக்கிறதாம், எப்பாடுபட்டாவது போட்டுவிடலாம், வா அக்கா என்று கெஞ்சினார். பரீட்சையிலிருந்து விலகுவதென்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் தடுக்கமாட்டார் என்று டிரெஸரும் சொல்லியிருந்தார். நான் பையில் துணிகூட எடுத்துவைத்துவிட்டேன்.

அவள் அசையவில்லை. "பூ கேட்டாச்சு. ரெண்டாவது தடவ கேக்கக்கூடாது" என்றாள்.

அது பூ இல்லை, காகிதம் என்று நான் கத்தினேன். ஆஸ்பத்திரிக் கிளார்க் மடித்து ஒட்டிய காகிதம், அதில் அம்மனும் இல்லை ஆட்டுக்குட்டியும் இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. சாகப்போகிறவளோடு பேசாமல் இருக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

நான் பேசாமல் இருந்தால் அவளுக்குத்தான் பொழுது போகாது. ஒரு காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்தாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள. நான் அம்மன்கிட்ட என்ன கேட்டேன்னு நினைக்கிற?"

ஊசி கிடைக்குமா என்றுதானே கேட்டீர்கள் என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"ஊசிய யார் கேட்டா? வீட்டுக்கே அனுப்பிடு தாயேன்னு கேட்டேன். ஊசின்னு வந்திருந்தா அந்த வார்டுல கெடந்து, அவன் ஊத்துற கஞ்சியக் குடிச்சுட்டே போய்ச் சேந்திருப்பேன். நான் கேட்டதுதான் வந்துச்சு. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

புளித்தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன். ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு என் சமையல் எந்த விதத்தில் உசத்தி, வந்த நாளிலிருந்து ஒரு நாளாவது நல்லா இருக்கு என்று சொன்னதுண்டா என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் குனிந்து அடுப்பை ஊதினேன்.

"உப்பு பத்தாதுதான்" என்றாள். "அதுக்காக வேற எவ கையாலயாவது தின்னுட்டா சாக முடியும்?"

கடைசி வாரத்தில் ரசம் மட்டும்தான் இறங்கியது. டாக்டர் சொன்னதையெல்லாம் தூக்கி அடுப்பில் போட்டேன். ஒருநாள் மத்தியானம், இன்றைக்கு இவள் வாயை அடைத்தே தீருவது என்று உப்பை அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார், கடல் தண்ணீரே தேவலை என்றார். அவளுக்குக் கரண்டியால் ஊட்டினேன். ரெண்டு வாய் குடித்தாள். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். "உப்பு பத்தல" என்றாள். மறுநாள் விடிந்த பிறகு போய்விட்டாள்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், துரை டாக்டரின் கார் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. டிரெஸரும் கூட இறங்கினார். நல்ல வார்த்தை நாலு தயாராக வைத்திருந்தேன், டாக்டரை நிற்கவைத்துக் கேட்பது என்று. அவரோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து, அவள் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர் இவர் ஒருவர்தான் என்று சொன்னதாக டிரெஸர் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? இன்னும் தெரியாது என்றார். போட்டுக்கொண்டவர்களிலும் பலர் போய்விட்டார்கள் என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் வைத்திருந்த வசவுகளை விழுங்கிவிட்டேன்.

கடைசி முறையாக அதே கேள்விகளைக் கேட்கவேண்டும் என்றார். கேட்டார். கடைசியாக என்ன சாப்பிட்டார்? ரசம். நின்றதா? ரெண்டு வாய் நின்றது. நாக்கில் ருசி? நான் நடந்ததைச் சொன்னேன், உப்பை அள்ளிப் போட்டது, அப்போதும் பத்தல என்றது, எல்லாம். டாக்டருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இந்த வியாதியில் ருசி மரத்துப்போவதுண்டு, எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் நல்லது, உப்பு போதவில்லை என்று எந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார் என்று கேட்டுப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து" என்றேன்.

டிரெஸர் அதை மொழிபெயர்க்க வாயெடுத்தார், முடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். டாக்டர் பேனாவோடு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். என் சிரிப்பு நிற்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன், அங்கே அவள் உட்கார்கிற முக்காலி காலியாகக் கிடந்தது. அவள் செத்த அன்றுகூட நான் அழவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன்.