முழங்கைவரை ஏறும் கடிகாரம்

அடையாறில் நான் போகும் சர்க்கரை கிளினிக்கில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டு, அடுத்த ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன், என்னைவிடச் சின்னவள். என்னைப் போலவே சின்ன வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள். நெய் ரோஸ்ட்டும் கேசரியும் சாப்பிடுவாள். ஆனாலும் குச்சி உடம்பு. உட்கார்ந்தபடியே கைக்கடிகாரத்தை முழங்கைவரை ஏற்றி ஏற்றிப் பார்த்துக்கொள்வாள். இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நர்ஸ் எங்கள் இருவருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். கடைசிக் கேள்வி: ‘உடம்பு இளைக்க வேண்டும் என்று இன்சுலின் போடாமல் விட்டதுண்டா?’

நான் உடனே ‘இல்லை’யில் டிக் அடித்தேன்.

“நீங்க இன்னா போட்டீங்கக்கா?” என்று அவள் என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“இல்லைன்னுதான்.”

“குடுத்து வெச்சவங்க” என்றாள். ‘ஆமாம்’ என்பதில் டிக் அடித்து, தாளை மடிக்காமலே நீட்டினாள்.

நர்ஸ் படித்துப் பார்த்தார். அவள் தோளில் கைவைத்து, டாக்டர் அறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்து, என் தாளை வாங்கி மற்றவற்றோடு அடுக்கி வைத்தார்.

நான் டிக் அடித்தது பொய். அவளுடைய ஒல்லி உடம்பைப் பார்த்துப் பட்ட பொறாமை எப்போதோ போய்விட்டது. டாக்டர் அறைக் கதவு அவளுக்குத் திறந்ததே, அந்தப் பொறாமைதான் இன்னும் ஆறவில்லை.