விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

பக்கத்து மனையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ராயபுரத்தில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. அதை ஒட்டியே, கார் நிறுத்தப் பூமிக்குள் இரண்டு தளம் இறக்கி ஃபிளாட் கட்டுகிறார்கள். பள்ளத்துக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். அந்தச் சுவரோரம்தான் அப்பாவின் கட்டில். ஹார்பரில் மூட்டை தூக்கிய மனுஷன். பக்கவாதம் வந்தபின் யாராவது தூக்கினால்தான் எழுந்து உட்காருவார்.

சுவரில் விரிசல் விழுந்ததும் சைட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். என்ஜினியர் வந்து விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்.

"இது உடையாத வரைக்கும் சுவர் நகரலைன்னு அர்த்தம்மா. உடைஞ்சா உடனே சொல்லுங்க."

"பூமி ஆடுனா இந்தப் பள்ளம் தாங்குமா சார்?"

"பேஸ்மென்ட் கட்டி முடிச்சுட்டா தாங்கும்."

"முடிக்கறதுக்குள்ள ஆடிச்சுன்னா?"

"சென்னைல அதெல்லாம் வராதும்மா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார். வராது என்று பூமி இவரிடம் வந்து சொன்னதா?

தினமும் அடுப்புப் பற்றவைக்கும் முன் கண்ணாடியைப் பார்ப்பேன். முழுசாக இருந்தால்தான் காபி இறங்கும்.

டிசம்பர் வந்தது. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால், "இன்னாபா, வூட்ல துக்கமா?" என்று கேட்பார்கள். ஒருநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் பெயின்டரைக் கூட்டி வந்துவிட்டார். சாயங்காலம் திரும்பினால் சுவர் இளநீலத்தில் பளபளக்கிறது. விரிசலும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"கலீஜா கீதேன்னு பட்டி வெச்சி மூட சொன்னேன்" என்றார், பெருமையாக. வந்த கோபத்தில் அன்று நான் சோறு போடவில்லை. வேறு கண்ணாடி ஒட்டச் சொல்லலாமென்றால், என்ஜினியர் லீவில் போயிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். குடத்துத் தண்ணீர் நடுங்கியது. கன்டெய்னர் லாரி போனாலே எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பாத்திரங்களும் பேசும், அதனால் தெருவில் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். லாரியே இல்லை. உள்ளே, நிறுத்தியிருந்த மின்விசிறி ஊசலாடியது. ஓடிப்போய் அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது.

மீன் கத்தியை எடுத்துவந்து, சுவரில் பூசியிருந்த பட்டியைச் சுரண்டினேன். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. பெயின்டருக்குப் போன் போட்டேன்.

"நான் வந்தப்பவே ஒடஞ்சிதான் கெடந்துச்சுக்கா. பிசிறு தெரியாம நல்லா மூடிட்டேன்."

பெயின்ட் அடித்த அன்று காலையில் நான் பார்த்தபோது முழுசாக இருந்தது. அப்படியென்றால் பூமி ஆடுவதற்கு முன்பே சுவர் நகர்ந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே ஒரு வாரமாக அப்பாவைப் படுக்கவைத்திருக்கிறோம்.

பள்ளத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டு இப்போது கூடுதலாக இரும்பு முட்டு கொடுக்கிறார்கள். நாங்கள் வேறு வீடு தேடுகிறோம். அன்றைக்குக் கட்டிலை நான் முன்னறைக்கு இழுத்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தபா ஆடுனா என்னைத் தூக்காத. நீ மொதல்ல வெளிய ஓடு."

"வாய மூடு நைனா" என்று கத்தினேன்.

கட்டிலை வாசற்கதவோடு ஒட்டிப் போட்டேன். அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடுவதில்லை.