டார்வின் கடற்கரையில் மூன்றாவது பெஞ்சு

பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த தெருவில்தான் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன், ஒரு பேயாவது வந்து எனக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்குமா? அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பிலோமி என் கொழுந்தன் பெண்சாதி. என் மகன் தூத்துக்குடி ஹார்பரில் லாரி ஓட்டுகிறான். அவள் மகன் அந்தோணி ஆஸ்திரேலியாவில் டார்வின் என்ற ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். நம் ஊரைவிடச் சின்ன ஊராம், அங்கேயும் கடலில் முத்து எடுப்பார்களாம். அவன் அம்மாவுக்கு விமான டிக்கெட் அனுப்பினான். என் மகன் என்னைக் கூட்டிப்போன தூரம் மணப்பாடு, அதுவும் பைக்கில்.

வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். பிலோமி பயந்துபோய் அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவளோ, போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடமும் கேட்டாள். நான் அந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரி ஆரம்பித்துவிட்டேன், எல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பொய்.

கருவாடு, மக்ரூன் இனிப்பு எது கொண்டுபோனாலும் ஏர்போர்ட்டில் ஒன்றுவிடாமல் சொல்லிவிடு, மறைத்தால் பிடித்து வைத்துக்கொள்வான் என்றேன். நம் உப்பளத்து வெயில்தான் அங்கேயும், ஸ்வெட்டர் எதற்கு என்றேன். புதிதாக ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள், தங்கக் கலரில் பொத்தான் வைத்தது, அதில்தான் என் கண். கடலில் கால் நனைக்காதே, முதலை இழுத்துவிடும் என்றும் சொன்னேன்.

"கடல்ல ஏதுக்கா முதல?"

"அந்த ஊர்க் கடல்ல உண்டும்ளா."

எதற்கும் அசையவில்லை அவள். கடைசியாக, சாளை மீன் உரசிக்கொண்டே ஒன்றை எடுத்துவிட்டேன். "சாயங்காலம் கடக்கரைல மூணாவது பெஞ்சுல உக்காந்தா ஒரு கிழவி வருவா. எடது காது அறுந்திருக்கும். நம்ம பேச்சுதான் பேசுவா. பேரு கேட்டா மட்டும் ஒன் பேரச் சொல்லிராத."

அதற்கும் சரியக்கா என்று தலையாட்டிவிட்டுப் போயே விட்டாள். பெட்டி கட்ட உதவிக்குப் போனவள் நான்தான். அந்த ஸ்வெட்டரை உருவிக்கொண்டு வந்து என் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். யாருக்கும் தெரியாது, என் மகனுக்குக்கூட. ஏர்போர்ட்டில் எங்கோ தொலைந்துவிட்டது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அவள் போய் ஒரு வாரத்தில், கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே நான் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே சாயங்காலம். நம் கடலில் சூரியன் உதிக்கும், அங்கே கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் சொன்னது அத்தனையும் சரிக்கா என்றாள். ஆபீசர் மக்ரூன் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தானாம். வெயில் கொளுத்துகிறதாம். முதலைப் படம் போட்டுக் கடற்கரையில் போர்டே நட்டிருக்கிறார்களாம். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் அடித்துவிட்ட பொய்யல்லவா அது?

பேசிக்கொண்டே இருந்தவள், பஸ்ஸில் யாருக்கோ இடம் கொடுப்பதுபோல, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் என் கண்ணுக்கு ஆள் யாரும் தெரியவில்லை.

"யக்கா, நீங்க சொன்ன காதறுந்த அம்மா வந்திருக்காவ" என்றாள் சாதாரணமாக.

நான் விளையாடாதே என்றேன். அவளுக்கு விளையாடத் தெரியாது, அதுதான் அவளிடம் உள்ள குறையே.

"பேரு கேட்டாவளா?"

"கேட்டாவ. நீங்கதான் எம் பேரச் சொல்லக் கூடாதுன்னியளே. அதான் ஒங்க பேரச் சொல்லிட்டேன். இந்தா, பேசுங்க."

போனை அந்தப் பக்கம் திருப்பினாள். வெறும் பலகை, காற்று, அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன். பொறாமையில் வைத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும், பாதி உண்மைதானே.

மூன்று மாதம் இருந்துவிட்டு, கன்னமெல்லாம் பூரித்து, புது வாட்சும் கையுமாக வந்தாள். பார்த்ததும் மறுபடி எரிந்தது. இந்த வருஷம் அந்தோணி எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன் என்கிறான். பாஸ்போர்ட்டும் வந்தாகிவிட்டது. எதைப் பார்த்து வயிறெரிந்து இத்தனை பொய் சொன்னேனோ அது கைக்கு வந்திருக்கிறது, நான் மூட்டுவலி என்று படுத்திருக்கிறேன். பிலோமி முந்திக்கொண்டு மறுபடி போய்விட்டாள்.

போன வாரம் கூப்பிட்டாள்.

"அந்த அம்மா நெதம் ஒங்களத்தான் கேக்காவ. வாரப்ப பீரோவுல சேலைக்கு அடில இருக்க மெரூன் ஸ்வெட்டர எடுத்துட்டு வரச் சொன்னாவ. குளிருதாம்."

நான் இடுப்பில் பீரோ சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அது எந்த ஸ்வெட்டர்க்கா?"