சந்து இல்லாத கதவு

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி வரிசையாக உட்கார வைத்திருக்கும் நோயாளிகளிடம்தான் செல்வமாரி தன் வீட்டுப் படங்களைக் காட்டுவாள். செல்போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே சொல்லுவாள்.

"கண்ணத் தொறந்துராதிங்க தாத்தா. நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க. இது கெழக்குச் சுவரு. முந்தி பல்லுப் போன வாயி மாதிரி கெடந்துச்சு. இப்ப தடவிப் பாத்தா கை வழுக்கிட்டுப் போவும்."

தாத்தா தலையாட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியும் ஆட்டுவாள். மருந்து விட்ட கண்ணுக்கு உலகத்தில் எல்லாச் சுவரும் ஒன்றுதான். செல்வமாரியின் வீட்டைக் குறை சொல்லாத பார்வையாளர்கள் இந்தக் கோவில்பட்டியில் அவர்கள் மட்டுமே என்பதால், அவர்களை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் அந்தத் தனியார் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். டோக்கன் கொடுப்பதும் பெயர் கூப்பிடுவதும் வேலை. நகக்கண்ணில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். முழங்கையில் முந்தின நாள் பெயிண்ட். தலையில் வெள்ளையாகத் தெரிவது நரையா என்று டாக்டரே ஒருநாள் கேட்டுவிட்டார். "இல்ல சார், பட்டி" என்றாள். சுவரில் பூசித் தேய்க்கிற அந்த வெள்ளை மாவைப் பற்றி டாக்டருக்கும் ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பினாள். அவள் கைப்பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரசமட்டம் இருக்கும். போகிற இடமெல்லாம் அதை வைத்துப் பார்ப்பாள். மருத்துவமனை மேசை இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அவள் வீட்டுச் சமையல் மேடையில் வைத்த தக்காளி தானாகவே நடந்துபோய்க் கீழே விழுவதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வீடு எட்டயபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கணவன் ஹரிஹரசுதனின் தாத்தா கட்டியது. பாகம் பிரித்தபோது அண்ணன்மார் நிலத்தையும் சாலையோர மனையையும் எடுத்துக்கொண்டு, "தம்பிக்கு ராசியான வீடு" என்று இதைத் தள்ளிவிட்டார்கள். ராசி எங்கே இருக்கிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் காரையைப் பெயர்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹரிஹரசுதன் மின்சாரக் கணக்கு எடுக்கிறவன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்க்க வேண்டும். அவன் மீட்டரை ஒரு பார்வையும் வீட்டை ஒன்பது பார்வையும் பார்ப்பான். "இன்னைக்கு ஒரு வீட்டுல பாத்தேன் மாரி" என்று அவன் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால், அன்றைக்கு முடிய வேண்டிய வேலை முடியாது என்று அர்த்தம். ஒரு வக்கீல் வீட்டு வளைவைப் பார்த்துவிட்டு வந்து அடுப்படிக்கு வளைவு கட்டினான். அப்போது அடுப்படியே இல்லை. ஒரு வாத்தியார் வீட்டு விளக்கைப் பார்த்துக் குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி விளக்குப் போட்டான். குழாயில் தண்ணீர் வருவதற்கு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டான். ஒரு வங்கி மேலாளர் வீட்டுக்குப் போய் வந்த ஆவணி மாதத்தில், பின்வாசலைக் கட்டி அடைத்துக் கம்பி வைத்த ஜன்னலாக்கினான். "காத்து பிய்ச்சுக்கிட்டு வரும் பாரு" என்றான். காற்று வந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் போகவும் வரவும் முன்வாசல் ஒன்றே வழியானது.

செல்வமாரி அவனைப் போல அலைபாய்கிறவள் இல்லை. அவளுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும், அது பட்டி. விரிசலைப் பார்த்தால் பட்டி, ஆணி பிடுங்கிய ஓட்டையைப் பார்த்தால் பட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சுப் பெட்டிக்கும் சேர்த்துப் பூசிவிட்டு அழகு பார்த்தாள். சாயங்காலம் இருட்டியதும் இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு சுவரைத் தட்டித் தட்டி சுவிட்சைத் தேடினார்கள்.

கொத்தனாரை வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கக் கூடாது. கொத்தனார் அவளுடைய சொந்தத் தாய்மாமன் அய்யாத்துரை. முதல்முதலாக வீட்டைப் பார்க்க வந்தபோது அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏட்டி மாரி, இதுல என்னத்தப் பாக்க? இடிச்சுருவோம். இடிச்சுட்டுப் புதுசா எழுப்பித் தாரேன்."

"உள்ள வந்து பாருங்க மாமா."

"உள்ள வந்தா நம்ம மேல விழுந்துரும்லா."

அவர் கூடவே கொஞ்சம் சிரித்தும் தொலைத்தார். அய்யாத்துரை எந்த வீட்டைப் பார்த்தாலும் இடிக்கத்தான் சொல்லுவார். சொந்த வீட்டையே அப்படி இடித்துப்போட்டுவிட்டு நாலு வருஷமாகத் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறார். இது செல்வமாரிக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவளால் விழுங்க முடியவில்லை. "நாங்களே செஞ்சுக்கிடுதோம் மாமா. பால் காய்ப்புக்கு வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

"வாரேன். என்னைக்காச்சும் நீயே கூப்பிடுவே, 'மாமா, நீங்களே வந்து செய்ங்க'ன்னு. அன்னைக்குச் செய்யுதேன்" என்று வண்டியை உதைத்தார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

இன்னொரு காரணம் வெயிலம்மாள். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. கதவு என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. செல்வமாரி சேலை மாற்றும்போது வருவாள். சாப்பிட உட்காரும்போது வருவாள். சட்டியைத் திறந்து பார்த்து, "என்னட்டி, புளிக்கொழம்புல கத்திரிக்காயைத் தேட வேண்டியிருக்கு" என்பாள். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சண்டை போட்டால், கதவின் சந்து வழியாகத் தீர்ப்புச் சொல்லுவாள். பெரும்பாலும் ஹரிஹரசுதன் பக்கம்.

வளைவும் விளக்கும் அவனுடைய ஆசைகள். செல்வமாரிக்கு இருந்தது ஒரே ஆசைதான். "எனக்கு ஒரு கதவு வேணும். தட்டாம ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. வெளிய நின்னா உள்ள ஒண்ணும் தெரியக் கூடாது" என்பாள்.

பழைய கதவு வேப்பமரம். அதன் அடியில் பூனை குனியாமல் போகலாம், பக்கவாட்டில் விரல் போகும். அதைக் கழற்றி முற்றத்தில் போட்டுச் சாந்து குழைக்கிற பலகையாக்கினாள். சித்திரை மாதத்து வெயிலில் புதுக் கதவுக்கு அளவெடுத்தார்கள். அப்போது ஹரிஹரசுதன், தன் வாழ்நாளில் அபூர்வமாக, உருப்படியான ஒரு விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு விரக்கட சந்து விடணும் மாரி. மழை பேஞ்சா கரிச மண்ணு ஊதும். நிலையை நெருக்கிரும்."

"விரக்கடயா? வெயிலம்மாக்காவுக்கு அதுல பாதி போதும், நம்ம குடும்பம் பூராத்தையும் பாத்துரும்."

"ஐப்பசியில என்ன செய்வே?"

"அதெல்லாம் மண்ணு மேல நிக்கிற வீட்டுக்கு. நீங்கதான் அடியில காங்கிரீட்டு போட்டுருக்கியல்லா."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல்காட்டு ஊரில் பிறந்தவள். கோடையில் நிலம் வாய் பிளக்கும், மழையில் உப்பி மூடிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்கக் கதவை எட்டி உதைத்துத் திறந்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் தெரிந்தது ஒரு பக்கம், வெயிலம்மாள் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்ததில் வெயிலம்மாள் பக்கம் கனமாக இருந்தது. அந்தக் காங்கிரீட்டை ஊற்றியவன் ஹரிஹரசுதன். முன்னறைத் தரைக்கு மட்டும், ஒரு சாண்கூட ஆழமில்லாமல் ஊற்றியது. அதைப் பெண்டாட்டி நம்புகிறாள் என்றதும் அவனும் நம்பிவிட்டான்.

கதவு மாட்டியானது. அவளைத் திருப்திப்படுத்த ஓரம் முழுக்க ரப்பர் பட்டையும் ஒட்டினான். தன் பங்குக்கு ஒரு ஆடிட்டர் வீட்டில் பார்த்த பித்தளைக் கைப்பிடியை, கதவை ஊடுருவத் துளை போட்டு முடுக்கினான். அன்றைக்குச் சாயங்காலம் அவனை விளக்குப் போட்டு உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, செல்வமாரி தெருவில் குந்தி உட்கார்ந்து கதவின் நாலு ஓரத்தையும் பார்த்தாள். ஒரு கோடு வெளிச்சம் இல்லை. பேருந்துக் கதவு மாதிரி 'புஸ்' என்று மூடியது. மறுநாள் மருத்துவமனையில் கண்மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்தை அவள் வாயால் கேட்டார்கள்.

ஐப்பசி வளர்பிறையில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். முந்தின நாளே வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. அங்கே வேறு ஒரு குடும்பத்தின் கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. இனி எப்படியிருந்தாலும் இந்த வீடுதான். அந்த வாரம் முழுக்க மழை. தெருவில் செருப்பை வைத்தால் மண் பிடித்து வைத்துக்கொண்டது. பெயிண்ட் காயவில்லை, வருகிறவர்கள் சட்டையில் ஒட்டிவிடும் என்று, காலையில் இரண்டு பேர் மட்டுமே விளக்கேற்றிப் பாலைப் பொங்க விட்டார்கள். மற்றவர்களைக் கொஞ்சம் கழித்துப் பலகாரம் சாப்பிட வரச் சொல்லியிருந்தது.

வாசல் வழியாகப் பார்த்தபோது, வெயிலம்மாள் குடையும் பலகாரத் தூக்குவாளியுமாகச் சந்துக்குள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் அய்யாத்துரையின் வண்டி. செல்வமாரி ஓடிப்போய்த் திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள். அது 'புஸ்' என்று சொல்லவில்லை. பாதியில் முனகிக்கொண்டு நின்றது.

"இறுக்குது மாரி. தொறந்தே கெடக்கட்டும்" என்றான் ஹரிஹரசுதன்.

"நல்லாத் தள்ளுங்க. தட்டித்தான் வரணும் இன்னைக்கு."

இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்தது.

வெளியே காலடிச் சத்தம். தள்ளிப் பார்த்த சத்தம். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வெயிலம்மாள் தட்டினாள்.

"யாரு?" என்றாள் செல்வமாரி. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் சித்திரையிலிருந்து காத்திருந்தாள்.

"நான்தாம்ட்டி, வெயிலம்மா."

"எந்த வெயிலம்மா?"

"போதும், தொறட்டி" என்றான் ஹரிஹரசுதன் தணிந்த குரலில்.

அவள் புடவையைச் சரி செய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். ஆடிட்டர் வீட்டுக் கைப்பிடி மட்டும் அவள் கையோடு வந்தது. அதன் மறுபாதி வெளியே 'டங்'கென்று விழுந்தது.

அய்யாத்துரைதான் முதலில் சிரித்தார். வெளியிலிருந்து ஒரு இடி இடித்துப் பார்த்தார்; சுவரிலிருந்து புதுப் பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. பின்பக்கம் சுற்றிப் போய் ஜன்னல் கம்பிக்குள் மூக்கை வைத்தார்.

"மாப்ள, நிலையை மண்ணு கவ்வி வச்சுருக்கு. மேல ஒரு சீவு சீவணும். உளி, இழைப்புளி எல்லாம் வண்டியிலதான் இருக்கு."

பால் காய்ப்புக்கு உளியோடு வருகிற மாமனை செல்வமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீவுங்களேன் மாமா" என்றான் ஹரிஹரசுதன்.

"நீங்க சொன்னா எப்படி மாப்ள? எம் மருமவ ஒரு வார்த்த சொல்லணும்லா. என்ன வார்த்தன்னு அவளுக்குத் தெரியும். சொன்னா இப்பமே கையை வைக்கேன்."

பலகாரம் இருந்த தூக்குவாளி வெளியே வெயிலம்மாள் கையில் இருந்தது. பத்து மணிக்கு செல்வமாரிக்கு மருத்துவமனை, அவனுக்கு மீட்டர். ஹரிஹரசுதன் பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றான்.

"சொல்லிரு மாரி. ஒரு வார்த்ததான. வேற வழியும் இல்ல, பின்வாசலைத்தான் நான்..." என்று நிறுத்திக்கொண்டான்.

செல்வமாரி கைப்பிடியைக் கையில் வைத்தபடியே நின்றாள். மாமன் ஜன்னலில் காத்திருந்தார். அவள் உதடு பிரிந்தது. அவர் காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

அப்போது கதவிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி மாரி, அடுப்படிக்கு என்னத்துக்கு வளைவு? சாமி படத்த அங்கனயா மாட்டுவாக? பால் எறக்கி வச்சுருக்க, மூடலயா?"

கைப்பிடி கழன்ற துளைக்குள், ஈரமாக, இமைக்காமல், வெயிலம்மாளின் கண் இருந்தது. அது அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனது.

செல்வமாரி பிரிந்த உதட்டை மூடினாள். கைப்பிடியைக் கீழே வைத்தாள். விளக்குக்கு முன்னால் பத்தி செருகியிருந்த வாழைப்பழத்திலிருந்து ஒரு விள்ளல் கிள்ளியெடுத்து, கதவருகே போய், அந்தத் துளையில் வைத்து, பெருவிரலால் அழுத்தி, ஓரத்தை வழித்துச் சமப்படுத்தினாள்.