போட்டோவுக்கு மட்டும் ஒரு போர்டு

எட்டு வருடமாக நான் ஊறுகாய் விற்பதாகத்தான் செம்மண்டலத்தில் எங்கள் தெரு நம்பிக்கொண்டிருந்தது. நான் விற்றது கருவாடு. முதுநகர் துறைமுகத்தில் நெத்திலியும் வாளையும் சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலும் வாங்கி வந்து, தலை கிள்ளி, மண் போகப் புடைத்து, வாசம் வெளியே வராமல் இரட்டைப் பையில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவேன். கூரியர்காரரிடம்கூட ஊறுகாய் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லச் சொன்னவர் என் கணவரின் அண்ணன். மாடியில் குடியிருக்கிறார்.

குடும்பத்தில் படித்து அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதனால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "நம்ம இவ்ளோ தூரம் முன்னுக்கு வந்தது கருவாடு விக்கவா?" என்பார். இதே மனிதர் புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு என்றால் மூன்றாவது தடவையும் சோறு கேட்பார்.

என் வலைத்தளத்தில் அப்போது இருந்தது நாலு படமும் ஒரு போன் நம்பரும்தான். தெருவில் நிற்கும்போது போன் வந்தால், "அது வந்திருக்குங்க, எவ்ளோ வேணும்?" என்று ஏதோ திருட்டுச் சாமான் விற்கிறவள் மாதிரி பேச வேண்டும். எனக்கு வெறுத்துப்போனது. வேண்டியவர்கள் தளத்திலேயே கூடையில் போட்டுப் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கீழ வீதிப் பக்கம் ஒரு மாடி அறையில், வலைத்தளத்தில் அப்படிக் கடை அமைத்துத்தரும் ஒரு பெண் இருந்தாள்.

"அக்கா, கடைப் பேரு என்ன போட? காசு கட்டுறவுங்க போன்ல அந்தப் பேருதான் வரும்" என்றாள்.

"என் பேரைப் போடு. பக்கத்துல கருவாட்டுக் கடைன்னு போடு."

கொசுறு போட இந்தக் கூடையில் வழி உண்டா என்று கேட்டேன். இல்லையாம். பார்சலில் வழி இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கம்பெனி, கடையின் போர்டோடு போட்டோ கேட்டது. போர்டு அடித்து, வாசல் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். செல்லாது என்று பதில் வந்தது. போர்டு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். கதவு எண்ணோடு சேர்த்து வீடியோ காலில் தெருவிலிருந்து காட்ட வேண்டும்.

மாடியிலிருந்து உடனே உத்தரவு வந்தது. "வீடியோ முடிஞ்சதும் கழட்டிடும்மா. ஞாயித்துக்கிழம எம் பொண்ண பொண்ணு பாக்க வர்றாங்க."

"பாக்கலாம் மாமா" என்றேன். அதுவரை என் வாயிலிருந்து அவர் கேட்டதெல்லாம் 'சரி' மட்டும்தான்.

ட்ரில் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து, கேட் தூணில் நானே துளை போட்டு போர்டை முடுக்கினேன். காலை பதினோரு மணிக்கு வீடியோ கால் வந்தது. "மேடம், இன்னும் பின்னாடி போங்க, போர்டு முழுசா தெரியல" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சொல்லச் சொல்ல, பின்னாலேயே நடந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டேன். எல்லா வீட்டு வாசலிலும் ஆள்.

"ஊறுகா யாவாரத்த உட்டுட்டியா?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"ஊறுகா நான் போட்டதே இல்லக்கா" என்றேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

சாயங்காலம் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி வந்தார். என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். நான் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு அத்தனை கோபம்.

"கழட்டுங்க மாமா. நாளைக்குக் காலையில திரும்ப மாட்டுவேன். நீங்க நாளைக்குக் கழட்டுனா நாளான்னைக்கு மாட்டுவேன். ட்ரில் மெஷின் புடிக்கக் கத்துக்கிட்டேன்."

"என் பொண்ணு கல்யாணத்துல வெளையாடாத."

"கருவாட்டப் பாத்து ஓடுறவுங்க நாளைக்கு வேற எதப் பாத்தும் ஓடுவாங்க."

மாடிப்படியில் அவர் மனைவி, என் ஓரகத்தி, துவைத்த துணி வாளியோடு நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருடமாகவே அப்படித்தான். அன்றைக்கு எனக்கு மாமாவைவிட இந்த அக்கா மேல்தான் ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது. "ஞாயித்துக்கிழம காலைல இது இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, போர்டைத் தொடாமலே மாமா மேலே போனார்.

சனிக்கிழமை மத்தியானம் சிதம்பரத்துப் பெண் போன் செய்து, "தொறந்துட்டேன்க்கா, இனிமே வாங்கலாம்" என்றாள். அரை மணி நேரத்தில் முதல் ஆர்டர் வந்தது. நெத்திலி ஒரு கிலோ, பணம் கட்டியாயிற்று. எங்கே அனுப்ப வேண்டும் என்று பார்த்தேன். எங்கள் தெரு, எங்கள் கதவு எண், மாடி. கீழே குறிப்பில், 'மணி அடித்துக் கையில் கொடுக்கவும்' என்று இருந்தது. போன் நம்பர் அக்காவுடையது. கீழே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேன்.

இரட்டைப் பை போடவில்லை. ஒரே பை, கடைப் பெயர் வெளியே தெரிகிற மாதிரி. கொசுறாக ஒரு கை சென்னாக்குன்னி. படியேறி மணி அடித்தேன். கதவைத் திறந்தது மாமாதான். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத யாரு கேட்டா இங்க?"

"நாந்தான்" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "காசு கட்டியாச்சு. வாங்கி உள்ள வைங்க. நாளைக்கு வர்றவுங்களுக்குக் கொழம்பு வைக்கணும்."

அவர் ஒரு தடவை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.