பொண்ணு எப்படி என்று கேட்ட போன்

சும்மா கிடைக்கிற எதையும் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், பியூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டையிலும் கீறல் இருக்கிறது என்று முதலில் முடிவு கட்டிக்கொண்டு, பிறகு அதைத் தேடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகாது. சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு பத்திரிகை வைக்க வருகிறவர் எல்லாரும் அவர் கணக்கில் ஏதோ ஒரு திட்டத்தோடு வந்தவர்கள்தான். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் யார் சொன்னது என்று கேட்கிறவளை வக்கீலுக்குப் படிக்க வைக்காமல் வேறு என்ன செய்வது என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. சென்னையில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரிய வக்கீல் நிறுவனம், கோடை விடுமுறையில் மாணவர்களுக்குப் பயிற்சி தருவதாகக் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெகேஷன் ஸ்கீம் என்று பெயர். ஒரு மாதம் அவர்கள் ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு அவர்களே சம்பளம் மாதிரி ஒன்று தருவார்கள். நன்றாகச் செய்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் வேலை. எனக்கு அந்த இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால், படிப்பு முடிந்து ஊருக்கு வந்து, யாராவது ஒரு சீனியருக்குக் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு, கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வக்கீல் குடும்பத்தில் பிறக்காதவளுக்கு வேறு வழி எதுவும் என் கண்ணில் படவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். கேட்டிருந்த கேள்விகளே எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றிருந்தது. நம் வாயாலேயே நம் குறையைச் சொல்ல வைத்து, அதைக் காட்டியே கழித்துவிடப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தோற்றது போலவும் இருக்க வேண்டும், தோற்காதது போலவும் இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, பிளஸ் டூவில் ஒரு பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதை எழுதி வைத்தேன்.

கடைசியில், நம்மைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் பெயர் கேட்டிருந்தார்கள். ஒருவர் ஆசிரியர். இன்னொருவர் நம்மைப் பல வருஷமாகத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர். எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தொட்டாலும் ஏதோ ஒரு வகையில் சொந்தம் வந்துவிடும். மிஞ்சியவர் தெருமுனையில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவர்தான். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். எங்கள் வீட்டில் போன் கிடையாது என்பதால், எங்களுக்கு வரும் போனெல்லாம் அவர் பூத்துக்குத்தான் வரும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வக்கீல் ஆபீசில் ஆள் எடுப்பதற்கு பூத்துக்காரனை எதற்குக் கேட்கிறார்கள் என்றார். அது அவர்கள் வழக்கம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நல்லவிதமாகச் சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாளில் என்னைத் தேர்வுக்கு அழைத்தார்கள். அசெஸ்மென்ட் சென்டர் என்று சொன்னார்கள். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில், காலை முதல் சாயங்காலம் வரை. ரயில் செலவையும் அவர்களே தருவார்களாம். இதைக் கேட்டதும் அப்பாவின் விசாரணை ஆரம்பித்தது. சொந்தமாக ஆபீஸ் இருக்கிறவன் ஹோட்டலில் எதற்குப் பரீட்சை வைக்கிறான்? வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே எதற்குச் செலவு செய்கிறான்? யூனிட்டுக்குச் சரக்கு எடுக்க வரும் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரின் தம்பியை, வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் ஏமாற்றியிருந்தான். அவனும் ஹோட்டலில்தான் இன்டர்வியூ வைத்தானாம், காபியெல்லாம் கொடுத்தானாம். நான் என்ன பதில் சொன்னாலும் அப்பாவுக்கு அது ஏஜென்ட் பேசுவது போலவே பட்டது. கடைசியில், நானும் கூட வருவேன் என்றார்.

கல்லூரியில் ஒரு சீனியர் அக்கா முந்தின வருஷம் அந்தத் தேர்வுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். வாசலில் கால் வைத்ததிலிருந்து கவனிப்பார்கள், தண்ணீர் கொண்டுவருகிறவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்றுகூடப் பார்ப்பார்கள், சாப்பாட்டு நேரத்திலும் மார்க் போடுவார்கள் என்று சொன்னாள். அவ்வளவுதான், எனக்குள் இருந்த அப்பா முழுசாக விழித்துக்கொண்டார். வீட்டில் தோசையை முள்கரண்டியால் சாப்பிட்டுப் பழகினேன். குழு விவாதத்துக்கு ஆள் இல்லாததால் அம்மாவை எதிரில் உட்கார வைத்து, அவள் என்ன சொன்னாலும் இங்கிலீஷில் மரியாதையாக மறுத்தேன். பருப்பு தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னதையும் மறுத்தேன்.

அந்த நாளும் வந்தது. அப்பா ஹோட்டலுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்க டீக்கடையில், வாசல் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு இடம் பிடித்துக்கொண்டார். உள்ளே நான் யாரையும் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டாள். இவளை அவர்களே உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்து, கடலூர் மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாவம், அவளும் என்னைப் போலப் பரீட்சைக்கு வந்தவள்தான். மத்தியானம் சாப்பாட்டில் அவள் முள்கரண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சாப்பாட்டுக்கு முன்னால், காலையில் நடந்த குழு விவாதத்தில் ஒரு கதை கொடுத்தார்கள். ஒரு கம்பெனி அனுப்பிய சரக்கு வழியில் உடைந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு என்று ஆறு பேர் சேர்ந்து முடிவு சொல்ல வேண்டும். ஒரு பையன் வாங்கினவன் தலையில்தான் என்று அழகான இங்கிலீஷில் தீர்ப்பே சொல்லிவிட்டான். நான் விடவில்லை. வழியில்தான் உடைந்தது என்று யார் சொன்னது, ஏற்றும்போதே விரிசல் இல்லை என்று யார் பார்த்தது என்று கேட்டேன். அவன் வேறு வாதத்துக்குத் தாவினான். அங்கேயும் போய்க் கேட்டேன். ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். இது நமக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் நேர்முகம். ஒரு வயதானவர், அவர் பக்கத்தில் ஒரு அம்மா. அந்த அம்மா காலையில் நடந்ததைப் பாராட்டுவது போல ஏதோ சொல்லிவிட்டு, சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"உங்க தெருவுல இருக்கறவர்கிட்ட நான்தான் போன்ல பேசினேன். பொண்ணு எப்படின்னு கேட்டேன். அதிர்ந்து பேசாது, எதிர்த்து ஒரு வார்த்தை வராது, பெரியவங்க சொன்னா தலையாட்டும், கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவணும்னு அடம் புடிக்காது, நீங்க தைரியமா வரலாம்னு சொன்னார். மத்ததைத்தான் காலையில நாங்களே பாத்துட்டோமே. அந்தக் கடைசி விஷயம் உண்மையா?"

எனக்குக் காது சுட்டது. நடந்தது என்ன என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஓசைப்படாமல் தெருமுனைக் கடையில் விசாரிப்பார்கள். இன்னார் என்று சொல்ல மாட்டார்கள். பேங்கிலிருந்து வருகிறோம், இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு, ஒரு சோடாவைக் குடித்தபடி அந்த வீட்டுப் பொண்ணு எப்படி என்று கேட்பார்கள். அதனால், ஆபீஸ் என்று சொல்லி யார் விசாரித்தாலும் மாப்பிள்ளை வீடு என்றுதான் தெருவே எடுத்துக்கொள்ளும். வக்கீல் ஆபீஸ் என்று நான் சொன்னபோதே, மாமா அதை ஒரு மறைப்பாகத்தான் நினைத்திருக்கிறார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தைகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

இதை விளக்கினேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வயதானவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது பொய் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இங்கிலீஷில் கேட்டார். நாள் முழுக்க மற்றவர்களிடம் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இதற்கு ஆதாரம் இல்லை. என் வீட்டில் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் நான் வேலையை விட மாட்டேன் என்றேன். வெளியே வந்த குரல் என் குரல் மாதிரியே இல்லை. எல்லாருக்கும் சொல்வது போல, மறுபடி போன் செய்கிறோம் என்றார்கள்.

எதிர்ப்பக்கம் அப்பா காலையில் விட்ட இடத்திலேயே இருந்தார். உள்ளே போனவர்கள் எல்லாரும் முழுசாக வெளியே வந்துவிட்டார்கள், அதனால் ஏமாற்றுக் கம்பெனியாக இருக்காது என்று தன் தீர்ப்பைச் சொன்னார். ரயிலில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பூத்துக்குப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாமாவுக்கு என் கோபமே புரியவில்லை.

"எப்பவும் சொல்றதத்தாம்மா சொன்னேன்."

"எப்பவும்னா?"

அவர் ஜெராக்ஸ் மெஷினில் இல்லாத பேப்பரைத் தேட ஆரம்பித்தார். நான் நகரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் யாராவது என்னைப் பற்றி விசாரித்து அடிக்கடி போன் செய்கிறார்களாம். யார் கேட்டாலும் இப்படிச் சொல்லுங்கள் என்று அப்பாதான் சொல்லி வைத்திருக்கிறார். வேலை பற்றிய அந்தக் கடைசி வரியை மறக்காமல் சொல்லச் சொன்னாராம். நான் ஹோட்டலைச் சந்தேகப்பட்டேன், சிரித்த பெண்ணைச் சந்தேகப்பட்டேன், முள்கரண்டியைச் சந்தேகப்பட்டேன். அப்பாவை மட்டும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. வக்கீலுக்குப் படிக்கிற பெண் என்றாலே வாசற்படி ஏறப் பயப்படுகிறார்கள், ஒரு பேச்சுக்குச் சொல்லி வைப்பதுதான், யார் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்றார். நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னேன். "அந்த எடம் போச்சுன்னா, அது உங்களாலதான்" என்றேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று கொல்லைப்பக்கம் போனேன். எந்தெந்த ஊரிலிருந்தோ யார் யாரோ என்னைப் பற்றிக் கேட்டு, யார் யாரோ பதில் சொல்லி, என் பெயரில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மாதான் நடுவில் செய்தி கொண்டுபோனாள். வேலை முடிந்ததும் அப்பா நேராக பூத்துக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தேன். முன்பெல்லாம் அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை வேண்டுமென்றே அந்த வழியாகப் போனேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஏதோ சொல்லிக் கொடுக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்த இடம் கிடைக்காமல் போனால் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தபோது அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மாவிடம்தான் பேசினார், ஆனால் சமையலறையில் இருந்த எனக்குக் கேட்கும்படி பேசினார்.

"இன்னிக்கு ஒரு போனு வந்துச்சு. நான்தான் எடுத்தேன். பொம்பள கொரலு. மெட்ராஸ் வக்கீல் ஆபீசுன்னாங்க. இவங்க எல்லாம் அப்படித்தான் ஏதாவது ஒரு ஆபீசு பேரச் சொல்றாங்க. கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய விட்டுடுமான்னு கேட்டாங்க. விடாதுன்னேன். விடச் சொல்ற வூடா இருந்தா நீங்க வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல இடமாக இருந்திருந்தால் என்ன செய்வது என்றாள்.

"இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா. "ஆனா ஒண்ணு வெளங்கல. அதக் கேட்டுட்டு அந்தம்மா சிரிக்குது. மே மாசம் மொத திங்கக்கிழமை பொண்ண அனுப்பி வைங்கன்னு சொல்லுது. நம்மளத்தான பொண்ண அனுப்பச் சொல்லுது? எந்த ஊர்லயாவது அப்படிப் பொண்ணு பாப்பாங்களா? எனக்கு அதான் சந்தேகமா இருக்குது."

நான் கரண்டியும் கையுமாக வெளியே வந்து நின்றேன். அது நிஜமாகவே வக்கீல் ஆபீஸ்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொண்டே அல்லவா அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

ஒருவழியாகச் சொன்னேன். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"யாரா இருந்தா என்னா" என்றார். "கேட்டாங்க, சொல்லிட்டேன்."